காக்கிச் சட்டைக்குள் இருந்த உடம்பு

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் வாசிக்க வேண்டாம், இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

திருநெல்வேலிச் சந்தையடியில் சைக்கிளை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஒரு மணித்தியாலம் கூடப் பிடிக்காது. பலாலி வீதியில் ஏறினால் தபாற்பெட்டிச் சந்தி. 1983 ஜூலை 23 இரவு 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட இடம். கறுப்பு ஜூலை அங்கிருந்துதான் தொடங்கியது என்று பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. மேற்கே திரும்பினால் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தி. வடக்கே இணுவில். தெற்கே காங்கேசன்துறை வீதியில் நாச்சிமார் கோயிலடி. கிழக்கே நல்லூர். தபாற்பெட்டிச் சந்தியை எல்லோரும் அறிவோம். மற்ற நான்கு இடங்களுக்கும் உள்ள ஒற்றுமையை நாங்கள் வகுப்பில் கேட்டபோது ஒரு பிள்ளைக்கும் பதில் தெரியவில்லை. நான்கிலும் ஒன்று பொலிஸ்காரர் செத்திருக்கிறார், அல்லது பொலிஸ்காரர் சாக்கொடுத்திருக்கிறார்.

எங்கள் யுத்த வரலாற்றில் இராணுவம் இருக்கிறது, இயக்கங்கள் இருக்கின்றன, இந்திய அமைதிப்படை இருக்கிறது, அகதிகளான நாங்கள் இருக்கிறோம். பொலிஸ்காரர் மட்டும் ஏதோ சுவரில் சாத்தி வைத்த பொல்லு மாதிரி ஒரு மூலையில் நிற்கிறார். யுத்தம் அந்த மனிதருக்கு என்ன செய்தது? அவருடைய நெஞ்சுக்கும் காதுக்கும் நித்திரைக்கும் என்ன நடந்தது? முஸ்லிம்களாகிய எங்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதும் அல்ல. இலங்கைப் பொலிசார் ஒவ்வொரு ஆண்டும் மார்ச் 21ஆம் திகதியைத் தங்கள் வீரர் தினமாக நினைவுகூருகிறார்கள். 1864ஆம் ஆண்டு அதே நாளில் மாவனல்லையில், உத்துவன்கந்தை சரதியேலைப் பிடிக்கப் போய்ச் சூடுபட்டு இறந்த கான்ஸ்டபிள் சபான் என்ற மலாய் முஸ்லிம்தான் இந்த நாட்டில் கடமையில் உயிரிழந்த முதல் பொலிஸ்காரராகக் கணக்கில் வருகிறார். சரதியேலோடு சேர்ந்து அதே ஆண்டு மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டவரும் மம்மலி மரிக்கார் என்ற முஸ்லிம்தான். சட்டத்தின் இரண்டு பக்கத்திலும் நம்மவர் நின்றிருக்கிறார்கள். அது ஒரு புறம் இருக்கட்டும்.

யுத்தத்துக்கு முந்திய யாழ்ப்பாணப் பொலிஸ்காரரை இப்போது கற்பனை செய்வதே கஷ்டம். 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகும் நீண்ட காலம் ஊரில் அதிகாரம் என்றால் விதானையாரும் உடையாரும் மணியகாரருமே. 1963இல் விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் வரும்வரை பொலிஸ் ஊருக்குள் வருவது என்பது ஒரு செய்தி. ஆடு களவு, கள்ளுக் கோப்பி, வேலிச் சண்டை, கோயில் திருவிழாவில் கைகலப்பு, இவைதான் வேலை. கையில் பொல்லு, ஏறிப்போகச் சைக்கிள். துவக்கு நிலையத்தில் பூட்டிக் கிடக்கும். இப்படியொரு வேலைக்கு என்று ஆளெடுத்து, அந்த வேலைக்கு என்று பழக்கிய மனிதர்களைத்தான் எழுபதுகளின் நடுவில் இருந்து யுத்தத்துக்குள் இறக்கினார்கள்.

முதலில் அகப்பட்டவர்கள் தமிழ்ப் பொலிசார். இளைஞர் குழுக்களைத் துப்பறியத் தமிழ் தெரிந்த, ஊர் தெரிந்த, இன்னார் இன்னாருடைய மகன் என்று தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதனாலேயே முதல் குண்டுகளும் அவர்கள் மேல் பாய்ந்தன. 1977இல் இணுவிலில் தமிழ்க் கான்ஸ்டபிள்கள் சுடப்பட்டார்கள். 1978 ஏப்ரல் 7ஆம் திகதி இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் அவரோடு போனவர்களும் முருங்கன் காட்டுப் பக்கத்தில் கொல்லப்பட்டார்கள். பஸ்தியாம்பிள்ளையின் விசாரணை முறைகளைப் பற்றி அக்காலத்து இளைஞர்கள் சொல்லும் கதைகள் காது கொடுத்துக் கேட்க முடியாதவை. அதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. ஆனால் அவருக்குக் கீழே இருந்த சாதாரணக் கான்ஸ்டபிளை நினைத்துப் பாருங்கள். ஊரில் காட்டிக்கொடுப்பவன் என்ற பேர். நிலையத்தில் மேலதிகாரிக்கு இவன் எந்தப் பக்கம் என்ற சந்தேகம். வீட்டில் மனைவி சட்டையைத் தோய்த்து வெளிக் கொடியில் போடப் பயப்பட்டு அறைக்குள் காயப்போடுகிறாள். கொலைகள் தொடங்கிய பிறகு பல தமிழ்ப் பொலிசார் வேலையை விட்டார்கள், மாற்றம் கேட்டார்கள். மிஞ்சிய இடத்தை நிரப்பத் தெற்கில் இருந்து தமிழ் தெரியாத பையன்கள் வந்தார்கள். வடக்குக்கு மாற்றம் என்றால் தண்டனை மாற்றம் என்பது பொலிஸ் பகுதியில் எழுதாத விதியாகிவிட்டது. தண்டனையாக அனுப்பப்பட்டவன் அந்த ஊரை எந்தக் கண்ணால் பார்ப்பான்?

பதில் 1981இல் கிடைத்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4ஆம் திகதி. அதற்கென்று வெளிமாவட்டங்களில் இருந்து நூற்றுக்கணக்கான பொலிசார் யாழ்ப்பாணத்தில் குவிக்கப்பட்டிருந்தனர். மே 31ஆம் திகதி மாலை நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் கடமையில் நின்ற பொலிசார் மேல் துப்பாக்கிச் சூடு. இருவர் இறந்தார்கள். அன்றிரவே காக்கிச் சட்டைகள் தெருவில் இறங்கின. கடைகள் எரிந்தன, கூட்டணி அலுவலகம் எரிந்தது, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. நண்பனைப் பறிகொடுத்த கோபம் என்று இதற்குச் சமாதானம் சொல்கிறவர்களும் உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை. ஒழுங்கு காக்க வந்த படை ஒழுங்கை இழந்தது, தடுக்க வேண்டிய அமைச்சர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருந்துகொண்டு தடுக்கவில்லை. குற்றம் குற்றம்தான். ஆனால் நோயைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் அடிபட்டவனுக்கு மட்டும் வடு வருவதில்லை. தான் செய்ததும், செய்யப் பார்த்துக்கொண்டு நின்றதும் ஒரு மனிதனுக்குள் பல வருடம் கிடந்து உழலும் என்பதை வியட்நாம் யுத்தத்துக்குப் போய்வந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த இரவில் நூலகத்தடியில் நின்ற இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இன்று எழுபது வயது. அவர் அதை யாரிடமாவது சொல்லியிருப்பாரா?

1982 ஒக்டோபர் 27 சாவகச்சேரிப் பொலிஸ் நிலையம், 1984 நவம்பரில் மீண்டும் அதே நிலையம், 1985 ஏப்ரலில் யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையம் என்று தாக்குதல்கள் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு குடாநாட்டில் பொலிஸ் நிலையம் என்பது முறைப்பாடு எழுதும் இடமாக இல்லாமல் போனது. மண்மூட்டை, முட்கம்பி, தகரப் பீப்பா, மேலே சென்ரி. கிழக்கிலும் வன்னி எல்லையிலும் இதே கதைதான். உள்ளே இருப்பவர் வெளியே வருவதில்லை. வெளியே வந்தால் தொகையாக, ஆயுதத்தோடு, பயத்தோடு.

இந்த இடத்தில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் உளவியல் பாடத்தில் நாங்கள் படித்தது இது: ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, ஈரல் தன்னிடமுள்ள சீனியை வெளியே விடுகிறது, சமிபாடு நிற்கிறது, நித்திரை ஓடுகிறது. நாய் துரத்தும்போது ஓடித் தப்புவதற்கு அல்லாஹ் தந்த அருமையான ஏற்பாடு. பத்து நிமிடத்துக்கு. இதே ஏற்பாட்டைப் பத்து வருடம் நிறுத்தாமல் ஓட விட்டால்? பிரஷர், சீனி வருத்தம், இதய நோய், அல்சர். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலப் பொலிசில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு ஆய்வாளராக மாறிய ஜோன் வயலன்ரி என்பவர் பஃபலோ நகரப் பொலிசாரை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தார். யுத்தமில்லாத ஊர் அது. அங்கேயே பொலிசாரின் மனநெருக்கீடும் இரவுக் கடமையும் நித்திரைக் குறைவோடும் உடற்பருமனோடும் இதய நோய்க்கான காரணிகளோடும் சேர்ந்தே போவதைக் கண்டார். அப்படியானால் மண்மூட்டைக்குப் பின்னால் ஷெல்லுக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தவரின் கதி?

எங்கள் ஒழுங்கையில் ஒரு சார்ஜன் மாமா இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்கும் பிடிக்காது. தொண்ணூறுகளில் கிழக்கிலும் பின்னர் வவுனியாப் பக்கத்திலும் கடமை செய்தவர். அவரைப் பற்றி ஊரில் மூன்று குறைகள் உண்டு: கர்வக்காரர், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார், கலியாண வீட்டில் சொன்ன இடத்தில் இருக்கமாட்டார், யார் வீட்டிலும் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார். நாங்கள் ஒரு வருடமாக அவரோடு பழகிய பிறகுதான் மூன்றுக்கும் காரணம் விளங்கியது. இடது காது கேட்காது. பக்கத்தில் குண்டு வெடித்த நாளில் இருந்து அந்தக் காதில் ஒரு சில்லூறு இரைந்துகொண்டே இருக்கிறதாம். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் கர்வக்காரர், வலது பக்கம் நின்று கூப்பிட்டால் நல்ல மனிதர். கலியாண வீட்டில் வாசலைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் கதிரைதான் வேண்டும். அந்தக் கதிரை கிடைக்காவிட்டால் சோறு இறங்காது. தேத்தண்ணீர் விஷயம்தான் எங்களை யோசிக்க வைத்தது. சென்ரியில் நின்றால் மாற்று ஆள் வரும்வரை இறங்க முடியாது. வெயிலில் எட்டு மணித்தியாலம், சில நாள் பன்னிரண்டு. ஒன்றுக்குப் போக இறங்கிய நேரத்தில் சுடுபட்ட ஆட்களை அவர்கள் அறிவார்கள். அதனால் தண்ணீர் குடிக்காமல் பழகினார்கள். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. சார்ஜன் மாமாவுக்குச் சிறுநீரகக் கல் இரண்டு தரம் எடுத்தாயிற்று. வைத்தியர் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்கிறார். உடம்பு இன்னும் சென்ரியில் நிற்கிறது.

இதோடு குண்டு துளைக்காத அங்கியின் பாரம் தந்த முதுகுவலி, கால் நரம்பு புடைத்தல், பங்கருக்குள் ஈரத்தில் படுத்ததால் வந்த இழுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலேரியாவையும் மறக்கக் கூடாது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். யுத்த காலத்தில் வன்னிக் காட்டோரச் சோதனைச்சாவடிகளில் குளிரில் நடுங்கிக்கொண்டு துவக்குப் பிடித்தவர்கள் அந்தச் சான்றிதழை எப்படி வாசித்திருப்பார்களோ.

இனி 1990. எங்களுக்கு 1990 என்றால் ஒக்டோபர் 30தான். ஆனால் அதற்கு நான்கரை மாதம் முந்தி, ஜூன் 11ஆம் திகதி, கிழக்கு மாகாணத்தில் நடந்ததை நாங்கள் போதிய அளவு பேசுவதில்லை. பிரேமதாச அரசுக்கும் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருந்த காலம். அமைச்சர் ஏ. சி. எஸ். ஹமீத் அரசின் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். புலிகள் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்களிடம் ஆயுதம் இருந்தது. சில இடங்களில் சண்டையும் தொடங்கியிருந்தது. கொழும்பில் இருந்து கட்டளை வந்தது: சண்டை வேண்டாம், சரணடையுங்கள், பேசி விடுவிப்போம். சரணடைந்தார்கள். தமிழ்ப் பொலிசார் பெரும்பாலும் பிரித்து விடப்பட்டார்கள். சிங்களப் பொலிசாரும் முஸ்லிம் பொலிசாரும் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். 600க்கும் மேற்பட்டவர்கள். திருக்கோவில் பக்கத்து ரூபஸ்குளம் காடு என்ற பெயரை அம்பாறைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கின்றன.

ஜொனதன் ஷே என்ற அமெரிக்க மனநல வைத்தியர் வியட்நாம் சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்து 1994இல் ஒரு நூல் எழுதினார். எதிரியின் குண்டு தரும் காயத்தைவிட, உயிர் போகும் நேரத்தில் நம்முடைய மேலிடமே நியாயத்தைக் கைவிட்டுவிட்டது என்ற காயம்தான் ஆற மறுக்கிறது என்பது அவர் கண்டது. ஜூன் 11க்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அன்று விடுமுறையில் வீட்டுக்குப் போனதால் தப்பியவர்கள் இருந்தார்கள், வேறு நிலையத்தில் வானொலிச் செற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் அடுத்த இருபது வருடமும் அதே மேலிடத்தின் கட்டளைக்குச் சல்யூட் அடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. விடுவிக்கப்பட்ட தமிழ்ப் பொலிசாரையும் யோசிக்க வேண்டும். ஒரே மேசையில் சாப்பிட்டவனைக் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள், என்னைப் போ என்றார்கள். உயிர் தப்பியதையே குற்றமாகச் சுமந்துகொண்டு, திரும்பிப் போன இடத்தில் உனக்கு மட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்ற பார்வையையும் சுமந்தார்கள்.

வீடுகளில் இன்னொரு விதமான துன்பம். உடல் கிடைக்கவில்லை. ஜனாஸா இல்லை. கணவன் மௌத்தானது உறுதியானால்தான் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கலாம். உறுதியில்லாதவள் எந்த நாளில் இருந்து எண்ணுவது? கைதியாக வைத்திருக்கிறார்கள், பேச்சுவார்த்தையில் விடுவார்கள் என்று நம்பிப் பல பெண்கள் காத்திருந்தார்கள். இத்தாவும் தொடங்காத, தாலியும் கழராத அந்த இடைவெளியில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது எங்கள் வயதில் இருக்கிறார்கள். எங்களோடு பயிற்சியில் இருந்த கிழக்கு மாகாண ஆசிரியை ஒருவர், வாப்பாவின் தொழில் என்று படிவத்தில் கேட்கும் இடத்தை எப்போதும் வெறுமையாகவே விடுவார்.

அதே ஆண்டு ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல், தொடர்ந்து ஏறாவூர். அதற்குப் பிறகு கிழக்கு முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படை பெருகியது. பொலிசின் மேற்பார்வையில், சில கிழமைப் பயிற்சியோடு, வேட்டைத் துவக்கோடு, பகலில் வயல், இரவில் காவல். முழுப் பொலிஸ்காரரின் ஆபத்து, கால்வாசிச் சம்பளம். நித்திரையில்லாத அந்த மனிதர்களில் சிலர் அயல் தமிழ்க் கிராமங்களில் செய்ததையும் அந்தக் கிராமத்தவர் மறக்கவில்லை. நாங்களும் மறக்கக் கூடாது.

ஒக்டோபர் 30 அன்று எங்கள் மூத்தோருக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. ஜின்னா மைதானத்தில் கூட்டி வைத்துச் சொன்னார்கள், ஐந்து சந்தியில் வைத்து நகையையும் காசையும் வாங்கினார்கள். முறைப்பாடு சொல்ல ஒரு பொலிஸ் நிலையம் இந்தக் குடாநாட்டில் இருக்கவில்லை. தமிழீழக் காவல்துறை என்று புலிகள் ஒன்றை அமைத்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1991இல். அதற்குத் தலைமை தாங்கிய நடேசன் ஒரு காலத்தில் இலங்கைப் பொலிசில் கான்ஸ்டபிளாக இருந்தவர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இறந்தார். நீல உடுப்புப் போட்ட அந்தக் காவல்துறையில் ஊர்ப் பிள்ளைகள், பெண்களும் கூட, வேலை செய்தார்கள். போக்குவரத்து, களவு, காணிப் பிணக்கு என்று பார்த்தவர்கள் கடைசிக் காலத்தில் ஷெல்லுக்குள் பிணம் பொறுக்கினார்கள். இன்று அவர்களுக்குப் பென்சன் இல்லை, சேவைக் காலம் இல்லை, அப்படியொரு வேலை பார்த்தேன் என்று வைத்தியரிடம் சொல்லக் கூடத் தயக்கம். எங்களைத் துரத்திய அமைப்பின் ஆட்கள்தானே என்று சிலர் கேட்பீர்கள். கேட்பது நியாயம். ஆனால் நெஞ்சு படபடப்புக்கு எந்த இயக்கம் என்று தெரியாது.

பொலிசை யுத்தத்துக்குள் இறக்கிய நாடு நாங்கள் மட்டுமில்லை. வட அயர்லாந்தில் முப்பது வருடம் நடந்த கலவரத்தில் ரோயல் அல்ஸ்ரர் கொன்ஸ்டபிளரி என்ற பொலிஸ் படையில் ஏறக்குறைய 300 பேர் கொல்லப்பட்டார்கள். பொலிஸ்காரராக இருப்பதற்கு உலகிலேயே ஆபத்தான இடம் அது என்று 1983இல் இன்டர்போல் சொன்னது. அந்தப் படையிலும் சிறுபான்மையான கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேரளவில்தான். அவர்களும் ஊரில் துரோகி, நிலையத்தில் சந்தேகம் என்று எங்கள் தமிழ்க் கான்ஸ்டபிளின் அதே கதையை வாழ்ந்தார்கள். அந்தக் காலத்தில் ஏறக்குறைய 70 பொலிசார் தற்கொலை செய்துகொண்டார்கள். மனவடுவுக்கு எங்களுக்குச் சிகிச்சை தரவில்லை என்று 5,000க்கும் மேற்பட்ட பொலிசாரும் ஓய்வுபெற்றோரும் சேர்ந்து தங்கள் திணைக்களத்துக்கு எதிராக பெல்பாஸ்ட் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007இல் தீர்ப்பு வந்தது. எல்லாக் கோரிக்கையும் வெல்லவில்லை. ஆனால் மனவடு வந்தவர்களைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சைக்கு அனுப்புவதிலும் திணைக்களம் பல விதத்தில் தவறியது என்று நீதிபதி சொன்னார். ஒரு நீதிமன்றக் கோவையில் அந்த மனிதர்களின் நித்திரையின்மை பதியப்பட்டது. இலங்கையில் இராணுவத்தினரின், கடற்படையினரின் மனநிலை பற்றியாவது வைத்தியர்கள் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். பொலிசார் அந்தக் கணக்கில் பெரிதாக வருவதில்லை. யுத்தம் முடிந்த மறுநாளே அவர்கள் போக்குவரத்துக் கடமைக்குப் போய்விட்டார்கள் அல்லவா, யார் கவனிப்பார்?

அங்கேதான் விஷயம் எங்கள் தெருவுக்கு வருகிறது. 2005 ஓகஸ்டில், சமாதான ஒப்பந்தம் பேருக்கு இருந்த நாட்களில், யாழ்ப்பாணத்தின் மூத்த பொலிஸ் அத்தியட்சகர் சார்ள்ஸ் விஜேவர்தன இணுவிலில் கடத்திக் கொல்லப்பட்டார். அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் மறுநாளும் அதே வீதியில் கடமைக்கு நிறுத்தப்பட்டார்கள். பதினொரு வருடம் கழித்து, யுத்தம் ஓய்ந்து ஏழு வருடத்துக்குப் பிறகு, 2016 ஒக்டோபர் 20 இரவு குளப்பிட்டிச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் போன பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தார்கள். விபத்து என்று முதலில் சொன்னார்கள். ஒருவரின் உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்தது. ஐந்து பொலிசார் கைதானார்கள். நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் போகும் ஒரு மோட்டார் சைக்கிள், யுத்தத்தில் பழகிய கைக்கு, தற்கொலைக் குண்டுதாரி. அந்தப் பழக்கத்தைக் கழற்றாமல், சட்டையை மட்டும் தோய்த்து உடுத்தி அனுப்பிய அரசுதான் அந்த இரண்டு தாய்மாருக்கும் பதில் சொல்ல வேண்டும். பொலிசாரின் மனநலம் என்றால் ஏதோ பொலிசாரின் சொந்த விஷயம் என்று நினைப்பவர்கள் குளப்பிட்டியை ஒரு தரம் நினைக்கட்டும்.

அடுத்த வருடமே நல்லூரில் நேரெதிரான ஒன்று நடந்தது. 2017 ஜூலை 22 மாலை, நீதிபதி இளஞ்செழியன் போய்க்கொண்டிருந்த இடத்தில் துப்பாக்கிப் பிரயோகம். குறுக்கே விழுந்து மறித்த அவருடைய மெய்ப்பாதுகாவலர் சார்ஜன் ஹேமச்சந்திர சிலாபத்துச் சிங்களவர், பதினைந்து வருடத்துக்கு மேலாக நீதிபதியோடு இருந்தவர். மறுநாள் அதிகாலை யாழ்ப்பாண வைத்தியசாலையில் அவர் உயிர் பிரிந்தது. நீதிபதி அவருடைய மனைவியின் காலடியில் விழுந்து அழுத படம் நாடு முழுக்கப் பார்த்தது. யாழ்ப்பாணம் ஒரு சிங்களப் பொலிஸ்காரருக்காக அழுத நாள் அது. ஜூலை 23.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2018 நவம்பரில் மட்டக்களப்பு வவுணதீவில் கடமையில் இருந்த ஒரு தமிழ், ஒரு சிங்களப் பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். முன்னாள் போராளிகள் மேல் பழி போனது, ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகுதான் அது சஹ்ரானின் ஆட்கள் செய்தது என்று தெரிந்தது. அந்த ஈஸ்டர் நாளில் தெமட்டகொடையிலும் மூன்று பொலிசார் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு முஸ்லிம் பொலிஸ்காரர் தன் நிலையத்துக்குள் எப்படி நடந்து போயிருப்பார் என்பதை நினைத்தால், 1978இன் தமிழ்க் கான்ஸ்டபிள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. 1980இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர்கள் இந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குச் சில வருடத்திலேயே யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஷெல்லடிக்கு நடுவில் இருந்தே எங்கள் மக்களின் மனவடுவைப் பதியத் தொடங்கிவிட்டார்கள். மனவடு என்ற சொல்லே இங்கு அப்படித்தான் பரவியது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, யாழ் போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. போவதுதான் இல்லை. கிளினிக் அட்டை வந்தால் துவக்குக் கடமையில் இருந்து எடுத்துவிடுவார்கள், பதவி உயர்வு போய்விடும், விசர் என்று பேர் வரும். சேவையில் இருந்த காலத்துப் பயம் ஓய்வுபெற்ற பிறகும் விடுவதில்லை. பலர் போத்தலைத் தேடிப் போனார்கள். முஸ்லிம்களிடம் அது இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். வீட்டுக்குள் ஒளித்துக் குடித்தவர்களின் மனைவிமாருக்குத் தெரியும். கோபம், சந்தேகம், பிள்ளைக்கு அடி, நடு இரவில் எழும்பிக் கதவுகளைச் சரிபார்த்தல் எல்லாம் அவருடைய குணம் என்று அந்தப் பெண்கள் முப்பது வருடம் பொறுத்திருக்கிறார்கள். அது குணமா, வருத்தமா என்று கேட்க ஒருவரும் போகவில்லை.

தரம் 10, 11 மாணவர்களோடு சேர்ந்து நாங்கள் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். எங்கள் ஊரிலும் அயலிலும் பொலிசில், ஊர்காவல் படையில் இருந்தவர்களுடைய ஞாபகங்களை அவர்களுடைய வாயாலேயே கேட்டு எழுதுகிறோம். எந்தப் படை, எந்த இனம் என்ற வேறுபாடு இல்லை, பெயர் எழுதமாட்டோம். விருப்பமானவர்கள் வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வாருங்கள். மனைவிமாரும் வரலாம், அவர்களிடம்தான் கூடக் கேட்க வேண்டியிருக்கிறது. கிளினிக்குக்குப் போக யாராவது துணை தேவை என்றால் அதையும் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம். சார்ஜன் மாமா முதல் ஆளாக வரச் சம்மதித்திருக்கிறார். வாசலைப் பார்த்த கதிரை ஒன்று, சுவரோரமாகப் போட்டு வைத்திருக்கிறோம். வலது பக்கம் இருந்து கேள்வி கேட்கும்படி பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று.